மிச்சக்காசு

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் நடுவில்
ஒரு நாளைக்கு ஆறு தரம் ஓடுகிறவன் நான்.
ஆரையம்பதியில் ஏறி
களுவாஞ்சிக்குடியில் இறங்கும் ஐந்து பேருக்கு
ஆயிரம் ரூபாய்த் தாளில் எவ்வளவு மிச்சமென்று
மிதிபலகையில் தொங்கியபடியே சொல்வேன்.
என் மகளுக்குக் கணக்கில் பத்தொன்பது.

அறிக்கையை எனக்குக் காட்டவில்லை.
சொன்னவன் அக்கரைப்பற்று பஸ் றம்சீன்.
கல்லடியில் வண்டிகள் உரசிக்கொண்டு நின்றபோது
ஜன்னலுக்கு ஜன்னல் குனிந்து சொன்னான்:
"யதுர்சி புள்ள ரெண்டு கிழமையா நம்மட பஸ்ல.
யூனிபோமோட ஏறுது, அக்கரைப்பற்று வரைக்கும் போகுது,
இறங்காம அப்படியே திரும்பி வருது.
காசு எடுக்கல்ல மச்சான், நீ யோசிக்காத."

றோட்டுக்கே தெரிந்திருக்கிறது.
டிக்கட் கேட்காத நடத்துநர்களுக்கு,
முன் சீற்றை ஒதுக்கிக்கொடுத்த சாரதிக்கு,
பாணும் பருப்பும் வாங்கிக்கொடுத்த
டிப்போ வாசல் கடைக்காரனுக்கு.

இரவு கத்துவதற்கென்று
பெரியநீலாவணையிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன்.
அவள் தாய் கதவடியில் நின்று
வேண்டாமென்று கண்ணால் சொன்னாள்.
"நாளைக்கு என்ட பஸ்ல வா மனே" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

வந்தாள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி,
சாரதிக்குப் பின் சீற்.
காத்தான்குடி ஈச்சமரங்கள் போயின.
கிரான்குளம். குருக்கள்மடம்.
செட்டிபாளையத்தில் ஒரு மனிசி
கால் கட்டிய கோழியோடு ஏறி
பிடிக்கக் கம்பியில்லாமல்
கோழியை இவள் மடியில் வைத்துவிட்டாள்.
அதைத் தடவிக்கொண்டுதான் கதைத்தாள்:

"போர்டப் பாத்தா எழுத்தெல்லாம் ஓடுது அப்பா.
மூச்சு முட்டுது.
சேர் என்ன எழுப்பக்குள்ள
ஆரும் சிரிக்க முதலே
எனக்குச் சிரிப்புக் கேக்குது."

பதினெட்டு வருசமாக
'முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க'
என்றே பழகிய வாய்.
அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.
உள்ளே சனம் கதவடியிலேயே நெரிந்து நின்றது.

முதலாளியிடம் சொல்லி
விடிய ஐந்து பத்து பஸ்ஸை விட்டுவிட்டேன்.
நாளுக்கு எண்ணூறு குறையும். குறையட்டும்.
ஏழு இருபதுக்கு இருவரும் பள்ளிக்கூடக் கேற்றடியில்.
சில நாள் நேரே போவாள்.
சில நாள் மதிலோரம் நிற்பாள், நானும் நிற்பேன்.
ஒரு நாள் மணி அடித்த பிறகும் நின்றோம்,
காவலாளி பாதிக் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு
எங்களைப் பாராத மாதிரி நின்றார்.
வகுப்பு ரீச்சர் வந்து
"கதவோரம் ஒரு கதிரை போட்டிருக்கிறன்,
ஏலாட்டி கேக்காமலே வெளிய வரலாம்" என்றா.
அதற்குப் பிறகு
எத்தனை தரம் வெளியே வந்தாள் என்று
நான் கேட்டதில்லை.

இரவில் ஒரே மேசை.
அவளுக்குச் சமன்பாடு, எனக்கு டிக்கட் கட்டை.
"இந்த எக்ஸ் எண்டா என்ன மனே?"
"தெரியாதது அப்பா. கண்டுபிடிக்கோணும்."
"டிக்கட் எடுக்காம ஏறின ஆள் மாதிரி?"
சிரித்தாள்.
மறுகா கொஞ்ச நேரம் அழுதாள்.
நான் அன்றைய வசூலை
மூன்று தரம் எண்ணினேன்.
மூன்று தரமும் வேறு வேறு தொகை.

மூன்றாம் தவணையில் முப்பத்தொன்று.
முப்பத்தைந்துக்குத்தான் பாஸ்.
இந்தத் தரம் அறிக்கையை
அவளே கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
சில்லறை இல்லாத நேரம் எழுதிக்கொடுப்போமே,
அப்படி ஒரு டிக்கட்டைக் கிழித்து
பின்பக்கம் 'மிச்சம் 4' என்றெழுதி நீட்டினேன்.

"ஆர் ஆருக்குத் தரோணும்?" என்றாள்.
"இறங்கக்குள்ள பாப்பம்."

இன்று காலை மறுகாவும் கேற்றடியில் நின்றுவிட்டாள்.
றம்சீன் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு
வேகத்தைக் குறைத்தது.
அவள் கை காட்டவில்லை.
பஸ் போய்விட்டது.
ஏழு இருபத்தெட்டு.
நிற்கிறோம்.